நேற்றுவரை கேட்ட மருந்து இன்று ஏன் கேட்கவில்லை?

வாசகர் கேள்விகளுக்குப் புற்றுநோய் மருத்துவர் பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. சினைப்பைப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆறு முறை கீமோ கொடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து நோய் திரும்பியது. அதே மருந்தை மறுபடி கொடுத்ததும் சுருங்கியது. இப்போது நான்கே மாதத்தில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. ‘இனி இந்த மருந்து கேட்காது’ என்கிறார் டாக்டர். அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? முதல் தடவை காய்ச்சலால் ஒரு கீமோ பத்து நாள் தள்ளிப்போனது. அம்மா சரியாகச் சாப்பிடவும் இல்லை. ‘நீ ஒழுங்காகக் கவனிக்கவில்லை’ என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே போய்விட்டது.
– பெயர் வெளியிட விரும்பாத மகள்

பதில்: கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நோய் திரும்பியதற்கு நீங்களும் காரணமில்லை, அம்மாவும் காரணமில்லை. அவர் இன்னும் நாலு கவளம் சாப்பிட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். காய்ச்சலின்போது கீமோவைத் தள்ளிவைத்தது சரியான முடிவு. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் மருந்தை ஏற்றினால் கிருமித்தொற்று உயிருக்கே உலை வைத்துவிடும். இந்தப் பத்தியை உங்கள் உறவினர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் போகிற போக்கில் வீசிவிட்டுப் போகும் சொல் ஒரு குடும்பத்தை எப்படி அரித்துத் தின்கிறது என்பதைக் கீமோ வார்டில் அருகிலிருந்து பார்க்கிறவள் நான். எனக்கு அதில் கோபம் உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். மருந்துக்குப் பழகியது அம்மாவின் உடம்பு இல்லை. இரண்டாவது தடவையும் அவருக்கு முடி கொட்டியிருக்கும், குமட்டியிருக்கும், ரத்த அணுக்கள் குறைந்திருக்கும். நல்ல செல்களை மருந்து முன்புபோலவேதான் தாக்குகிறது. மாறியிருப்பது புற்றுச்செல்களின் கூட்டம். அதிலும், ஒவ்வொரு செல்லும் மருந்தைக் கண்டபிறகு தன்னை மாற்றிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். தாக்குப்பிடிக்கக்கூடிய சில செல்கள், முதல் சொட்டு மருந்து ஏறும் முன்பே கட்டிக்குள் இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி வரை செல்கள் இருக்கும். இவை ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏவைப் படியெடுப்பதில் சிறு பிழைகள் விழுகின்றன. புற்றுச்செல்களில் பிழைதிருத்தும் அமைப்பே பெரும்பாலும் பழுதாகியிருப்பதால் பிழைகள் கூடுதல். அவற்றில் பல எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. சில, அந்தச் செல்லையே கொன்றுவிடும். எங்கோ ஒன்று, இதுவரை உடலுக்குள் வந்தே இராத ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் வழியை அந்தச் செல்லுக்குத் தற்செயலாகக் கொடுத்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு செல்லுக்கு அப்படி வாய்த்தால்கூட, நூறு கோடிச் செல்களில் அத்தகையவை ஆயிரம் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தைக் காலி செய்கிறது. அந்த ஆயிரமும் பெருகுகின்றன.

இது வெறும் ஊகமில்லை. 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் பாக்டீரியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸுக்கு அசையாத பாக்டீரியாக்கள், வைரஸைச் சந்தித்த பிறகு உருவாகின்றனவா, முன்பே இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. தனித்தனிக் குடுவைகளில் வளர்த்துப் பார்த்தபோது ஒரு குடுவையில் தப்பியவை ஏராளம், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. வைரஸைக் கண்டபின் மாறுவதாக இருந்தால் எல்லாக் குடுவையிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆகவே மாற்றம் முன்பே, வெவ்வேறு நேரத்தில், தற்செயலாக நிகழ்ந்திருக்கிறது. 1979இல் கோல்டி, கோல்ட்மேன் என்ற இருவர் இதே கணக்கைப் புற்றுக்கட்டிக்குப் பொருத்திக் காட்டினார்கள். கட்டி பெரிதாகப் பெரிதாக, மருந்துக்கு அசையாத செல் ஒன்றாவது அதில் இருக்கும் சாத்தியம் செங்குத்தாக ஏறுகிறது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் அம்மாவுக்குக் கொடுத்தது பெரும்பாலும் பிளாட்டினம் வகை மருந்தான கார்போபிளாட்டினும், பாக்லிடாக்ஸலுமாக இருக்கும். கடைசி பிளாட்டினம் மருந்துக்கும் நோய் திரும்புவதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், அதே மருந்து மறுபடி கேட்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பியபோது அதனால்தான் அதையே கொடுத்தார்கள். அது பலித்தும் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பிளாட்டினத்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று கொள்கிறோம். இது நடைமுறைக்காக வைத்துக்கொண்ட எல்லை, இயற்கை போட்ட கோடு இல்லை. உங்கள் டாக்டர் அடுத்து வாராந்தர பாக்லிடாக்ஸல், லிப்போசோமல் டாக்ஸோரூபிசின் போன்றவற்றைப் பற்றிப் பேசுவார். பெவாசிசுமாப் சேர்க்கலாமா என்றும் பார்ப்பார். ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் கட்டியில் நிறைய இருந்தால், அதைக் குறிவைக்கும் மிர்வெடக்சிமாப் என்ற மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அந்தப் புரதச் சோதனைக்குப் பழைய அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவே பயன்படும். கேளுங்கள்.

கேள்வி: ஸ்கேனில் கட்டி முழுவதும் மறைந்துவிட்டது. பிறகும் இரண்டு சுழற்சி கீமோ பாக்கி இருக்கிறது என்கிறார்கள். இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?
– ஒரு வாசகர்

பதில்: ஸ்கேனின் கண்ணுக்குப் படாததெல்லாம் இல்லாதது ஆகாது. ஒவ்வொரு சுழற்சியும் நூற்றுக்கு 99 செல்களைக் கொல்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நூறு கோடி ஒரு கோடியாகும். பிறகு ஒரு லட்சம், ஆயிரம், பத்து. இரண்டு சுழற்சிக்கு நடுவில் மிஞ்சியவை கொஞ்சம் வளர்ந்தும் கொள்ளும். முதல் படியிலேயே, அதாவது ஒரு கோடிச் செல்கள் உயிரோடு இருக்கும்போதே, அவை ஓரிரு மில்லிமீட்டர் அளவுதான். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மருந்து கொல்வது ஒரு விகிதத்தை, ஒரு நிலையான எண்ணிக்கையை அல்ல என்பதை ஹோவர்ட் ஸ்கிப்பர் 1960களில் எலிகளின் ரத்தப்புற்றில் காட்டினார். பாக்கியை முடித்துவிடுங்கள்.

கேள்வி: நான் உயிர்வேதியியல் மாணவி. மருந்து கேட்காத செல்லுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று அடையாளம் சொல்லும் டாக்ஸோரூபிசினிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு இயல்பாகவே ஒளிரும் தன்மை உண்டு. புற்றுச்செல்களின் மீது அதை விட்டு, ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால், மருந்து கேட்கும் செல்லின் உட்கரு ஆரஞ்சுச் சிவப்பில் எரியும். அதே வகையில் மருந்து கேட்காத செல்லை வையுங்கள்: விளிம்பும் வடிவமும் தெரியும், உட்கரு இருண்டு கிடக்கும். அதே மருந்து, அதே அளவு, அதே நேரம். பிறகு அந்த இருண்ட செல்லுக்கு வெராபமில் என்ற இதயநோய் மருந்தைச் சேர்த்தால், உட்கரு மெல்லச் சிவந்துவரும். மாணவப் பருவத்தில் இதைப் பார்த்தபோது நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அந்த இருட்டுக்குக் காரணம் செல்சவ்வில் இருக்கும் ஒரு பம்பு. 1976இல் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கோல்ச்சிசின் என்ற நச்சுக்கு அசையாத வெள்ளெலிச் செல்களில் கண்டுபிடித்த பி-கிளைக்கோபுரதம்தான் அது. ஓட்டைப் படகில் வரும் நீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே கரை சேருகிறவரைப் போல, உள்ளே கசியும் மருந்தை இது, செல்லின் எரிபொருளான ஏடிபியின் ஆற்றலால் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மருந்து செல்லுக்குள் போகாமல் இல்லை, தங்குவதில்லை. இதில் மருத்துவர்களை மிகவும் துன்புறுத்துவது, இந்தப் பம்பு ஆள் பார்த்து வேலை செய்வதில்லை என்பதுதான். டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின், பாக்லிடாக்ஸல், எடோபோசைட் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மருந்துகளை எல்லாம் அது ஏந்தித் தள்ளுகிறது. ஒரு மருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட செல், தான் பார்த்தேயிராத இன்னொரு மருந்துக்கும் மசிவதில்லை.

அப்படியானால் பம்பை அடைத்துவிடலாமே என்று தோன்றும். ஜப்பானில் சுருவோ குழுவினர் 1981இல் வெராபமில் கொடுத்து எதிர்ப்பை முறிக்கலாம் என்று காட்டியதும் பெரும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் வலிமையான தடுப்பான்கள் வந்தன, பெரிய ஆய்வுகளும் நடந்தன. நோயாளிகளுக்குப் பெரிதாகப் பலன் கிட்டவில்லை. காரணம், இந்தப் பம்பைப் புற்றுச்செல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் என்று நச்சு வெளியேற வேண்டிய இடங்களிலெல்லாம் அது நமக்குக் காவல் நிற்கிறது. அதை அடைத்தால் கீமோ மருந்து உடலிலேயே தேங்கி நோயாளியைத் தாக்கும். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும். போதாக்குறைக்கு, அந்தச் செல்களுக்கு வேறு பம்புகளும் வேறு வழிகளும் இருக்கின்றன.

வேறு வழிகளில் எனக்கு வியப்பூட்டுகிற ஒன்று, குறிவைக்கப்பட்ட பொருளை மிதமிஞ்சித் தயாரிப்பது. மெத்தோட்ரெக்சேட் மருந்து டிஎச்எஃப்ஆர் என்ற நொதியைப் பிடித்து நிறுத்தும். 1978இல் ராபர்ட் ஷிம்கேயின் குழு, இந்த மருந்துக்கு அசையாத எலிச்செல்களில் அந்த நொதிக்கான மரபணுவே பலமடங்கு நகலெடுக்கப்பட்டிருப்பதைக் கண்டது. பிடிக்க வந்த மருந்து தீர்ந்துபோகும், நொதி மிஞ்சும். பாக்லிடாக்ஸல் ஒட்டிக்கொள்ளும் டியூபுலின் புரதத்தின் வகையையே மாற்றிக்கொள்ளும் செல்கள் உண்டு. சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தை, செல்லின் நச்சுமுறிப்பானான குளூட்டாதயோன் கொண்டு முடக்குபவை உண்டு.

இன்னொரு வழி, மருந்து உண்டாக்கிய காயத்தை ஆற்றிக்கொள்வது. பிஆர்சிஏ மரபணு பழுதான சினைப்பைப் புற்றில் பிளாட்டினம் நன்றாகக் கேட்கும். டிஎன்ஏவில் விழும் வெட்டைச் சரிசெய்யும் திறன் அந்தச் செல்லுக்கு இல்லை என்பதே காரணம். அப்படிப்பட்ட நோயிலும் எதிர்ப்பு வரும்போது, சில செல்களில் அதே மரபணுவில் இரண்டாவதாக ஒரு பிழை விழுந்து, முதல் பிழையை ஈடுசெய்து, மரபணுவை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்திருப்பதை 2008இல் கண்டார்கள். குறுந்தகவலில் ஓர் எழுத்தளவுகூடப் பெரிதல்லாத மாற்றம், ஒரு நல்ல மருந்தின் பலனைப் பறித்துவிடுகிறது.

இவற்றோடு, சாவுக்கான கட்டளையைக் காதில் வாங்காத செல்களும் உண்டு. கீமோ பெரும்பாலும் செல்லைக் காயப்படுத்துகிறது. காயத்தைக் கண்டு ‘இனிப் பிழைக்க வேண்டாம்’ என்று தன்னை அழித்துக்கொள்வது செல்லின் சொந்தப் பொறி. பி53 மரபணு பழுதானாலோ, பிசிஎல்-2 புரதம் மிகுந்தாலோ அந்தப் பொறி இயங்காது. விரைப் புற்றுநோயில் பி53 பெரும்பாலும் பழுதாவதில்லை. உடலெங்கும் பரவிய பிறகும் சிஸ்பிளாட்டினால் பெரும்பாலானோர் குணமாகும் நோய் அது என்பதற்கு இது முக்கியமான ஒரு விளக்கம்.

எல்லா எதிர்ப்பும் மரபணுப் பிழையால் வருவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறும்போது சில செல்கள் பிரிவதை நிறுத்தி அடங்கிக் கிடக்கின்றன. பிரியும் செல்லைத் தேடும் மருந்து அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படித் தப்பிய செல்களை மருந்தில்லாமல் வளர்த்தபோது அவை மீண்டும் மருந்துக்கு மடியும் செல்களாகவே மாறின. நிரந்தர மாற்றம் வருவதற்கு அவகாசம் தருவது இந்தத் தற்காலிக ஒதுங்கல்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஆய்வுக்குப் போவதென்றால் இந்தத் துறையைத் தேர்ந்தெடுங்கள் என்று உங்களிடம் சொல்வேன்.

கேள்வி: ஏன் ஒரே நேரத்தில் மூன்று நான்கு மருந்து? ஒவ்வொன்றாகக் கொடுத்தால் பக்கவிளைவாவது குறையுமே?
– ஒரு வாசகி

பதில்: அப்படித்தான் தொடங்கினார்கள். 1948இல் சிட்னி ஃபார்பர், ரத்தப்புற்று கண்ட 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்து, பத்துப் பேருக்கு நோய் தணிந்ததாக எழுதினார். அதுவரை யாரும் கண்டிராத பலன். சில மாதங்களில் நோய் திரும்பியது. ஒற்றை மருந்தின் கதை அங்கேயே தெரிந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் எமில் ஃப்ரையும் எமில் ஃபிரைரைக்கும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். காசநோயில் கூட்டு மருந்து கிருமியின் எதிர்ப்பைத் தடுத்த அனுபவம் அவர்களுக்கு முன்னால் இருந்தது. கணக்கு எளிது: ஒரு மருந்திலிருந்து தப்பும் செல் பத்து லட்சத்தில் ஒன்று என்றால், தொடர்பில்லாத இரு மருந்திலிருந்தும் தப்பும் செல் லட்சம் கோடியில் ஒன்று. நான் முன்பு சொன்ன பம்பு இந்தக் கணக்கைச் சில நேரம் குலைக்கும். ஆனாலும், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று அந்த நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் குணமாவது கூட்டு மருந்தால்தான். ஒவ்வொன்றாகக் கொடுப்பதே மேல் என்ற நோய்நிலைகளும் உண்டு. குணப்படுத்த முடியாத கட்டத்தில் மருந்துகளை வரிசையாகப் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: என் கணவர் நாள்பட்ட ரத்தப்புற்றுக்கு இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். இது கீமோ இல்லையே, இதற்கும் எதிர்ப்பு வருமா? உடம்பு நன்றாக இருப்பதால் சில நாள் விட்டுவிடுகிறார்.
– ஒரு மனைவி

பதில்: வரும். இமாட்டினிப் 2001இல் வந்து அந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது. அது பொருந்தும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறும் டி315ஐ என்ற பிறழ்வு வந்தால், மருந்துக்கு அங்கே இடமில்லாமல் போகும். அதையும் வெல்லும் பொனாட்டினிப் 2012இல் வந்தது.

முதல் கடிதத்தில் அந்த மகளிடம் ‘உங்கள் தவறில்லை’ என்று சொன்னேன். உங்கள் கணவரிடம் அதே சலுகையோடு பேச மாட்டேன். தினசரி மாத்திரையில் ஒழுங்கு உண்மையிலேயே பலனை மாற்றுகிறது. இடையிடையே விடுபவர்களுக்கு நோய் ஆழமாக அடங்குவது குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவு. பக்கவிளைவு தாளாமல் விடுகிறார் என்றால் அதை டாக்டரிடம் சொல்லட்டும். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

கேள்வி: கீமோவோடு மூலிகை, சத்து மாத்திரை சாப்பிட்டால் எதிர்ப்பு வராமல் தடுக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை, கெடுக்கும் என்பதற்கு உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரல் நொதிகளைத் தூண்டி இரினோடெக்கான், இமாட்டினிப் ஆகிய புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடுகிறது. பச்சைத் தேயிலைச் சாறில் உள்ள ஒரு பொருள், போர்ட்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு அதை முடக்குவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. மார்பகப் புற்று எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. கீமோவில் இரண்டாவது மருந்தும் கேட்கவில்லை என்கிறார்கள். எனக்கு ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனை ‘நெகட்டிவ்’. எதிர்ப்பு வந்துவிட்டது என்றால் எல்லாம் முடிந்தது என்று பொருளா?
– ஓர் ஆசிரியை

பதில்: இல்லை. இரண்டு மருந்துகளின் வேலை முடிந்திருக்கிறது, அவ்வளவே அதன் பொருள். நோய் குணமாகிவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் காலத்தையும் நிம்மதியையும் கூட்டுவதற்கு வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

முதலில், பரவிய இடத்திலிருந்து புதிதாக பயாப்சி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எதிர்ப்பு பெற்ற கட்டி, பல ஆண்டுக்கு முன் அறுத்தெடுத்த கட்டியேதான் என்று கொள்ளக் கூடாது. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 அளவும் மாறியிருக்கக்கூடும். ஊசி செலுத்த முடியாத இடமென்றால், கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளைச் சோதித்துச் சில பிறழ்வுகளைக் கண்டறியலாம்.

இரண்டாவது, பழைய நோய்க்கூறியல் அறிக்கையில் ஹெர்2 வரியைப் பாருங்கள். அங்கே ‘நெகட்டிவ்’ என்பதற்குப் பக்கத்தில் 0, 1+, 2+ என்று ஏதாவது எழுதியிருக்கும். 1+ என்றோ, 2+ என்றும் அடுத்தகட்ட மரபணுச் சோதனை நெகட்டிவ் என்றோ இருந்தால் அது ‘ஹெர்2 குறைவு’ என்ற பிரிவில் வரும். இந்தப் பிரிவினருக்கு டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கான் என்ற மருந்து, வழக்கமான கீமோவைவிட ஆயுளை நீட்டித்ததை 2022இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஹெர்2 புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் (ஆன்டிபாடி) கீமோ மருந்தைக் கட்டி, செல்லுக்குள் கொண்டுபோய் இறக்கும் வகை அது. நுரையீரல் அழற்சி வரக்கூடும், எனவே இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே தெரிவிக்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்தாது, செலவும் அதிகம். இருந்தாலும், பொருந்துமா என்ற கேள்வி கேட்கப்படாமல் போகக் கூடாது.

மூன்றாவது, வலி தணிப்புச் சிகிச்சை மருத்துவரை இப்போதே பாருங்கள். ‘கைவிட்டவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள்’ என்று பலர் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். பரவிய நுரையீரல் புற்று நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள், மனச்சோர்வு குறைந்திருந்தது, மற்றவர்களைவிடக் கூடுதல் காலமும் இருந்தார்கள். எலும்பு வலிக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சு மிக நன்றாக உதவும். அதற்காகக் கீமோவை நிறுத்த வேண்டும் என்பதில்லை.

அடுத்த முறை போகும்போது அறிக்கைகளோடு வீட்டிலிருந்து ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் சொல்வதை அவர் குறித்துக்கொள்ளட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். ஹெர்2 வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.